வேன்ல சோலார் மாட்டியாச்சு, பியூஸ் எத்தனை ஆம்ப் போடுறது?

பழைய டெம்போ டிராவலர் ஒன்னைப் புடிச்சு, பின்னாடி சீட்டையெல்லாம் கழட்டிட்டு ஒரு கட்டில், ஒரு குட்டி பிரிட்ஜ், கூரையில ரெண்டு பேனல்னு போட்டுக்கிட்டு கொடைக்கானல், ராமேஸ்வரம்னு கிளம்புற ஆசை இப்ப மதுரைப் பக்கமும் நல்லாவே வந்துருச்சு. பேனல் எத்தனை வாட், பேட்டரி லித்தியமா ஆசிடா, இன்வெர்ட்டர் எதுன்னு மாசக்கணக்கா யோசிக்கிறவங்க, பியூஸை மட்டும் கடைசி நாள் டவுன்ஹால் ரோட்டுல ஏதோ ஒரு கடையில நின்னு "அண்ணே அப்படியே ரெண்டு பியூஸும் சேத்துப் போட்டுருங்க"ன்னு வாங்கிட்டு வந்துடுறாங்க. மொத்தச் செலவுல அதுதான் ஆகக் கம்மி, ஆனா ராத்திரி நாம தூங்கும்போது வண்டி எரியாம இருக்குறது அதை நம்பித்தான் இருக்கு.

உசிலம்பட்டியில என் சித்தப்பா பையன் இப்படி ஒரு வேன் ரெடி பண்ணிட்டு இருக்கான். மேல 200 வாட் பேனல் ரெண்டு, 30 ஆம்ப் எம்பிபிடி (பேனல் கரண்ட்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி ஏத்துற கன்ட்ரோலர்), 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 600 வாட் இன்வெர்ட்டர், 12 வோல்ட் பிரிட்ஜு, ஒரு பேன், நாலு லைட்டு. போன வாரம் போன் போட்டு, "அண்ணே, பிரிட்ஜு அஞ்சு ஆம்ப் தான் இழுக்குது, பத்து ஆம்ப் பியூஸ் போட்டா பிரிட்ஜு சேஃப் தானே?"ன்னு கேட்டான். பத்து ஆம்ப் சரிதான், ஆனா காரணம் தப்பு. பியூஸ் பிரிட்ஜைக் காப்பாத்தாது. பிரிட்ஜோட போர்டு உள்ள புகைஞ்சுச்சுன்னா பியூஸ் போறதுக்குள்ள அது செத்துப் போயிருக்கும். பியூஸ் இருக்குறது ஒயருக்காக. இதை மட்டும் மனசுல போட்டுக்கிட்டீங்கன்னா மீதிக் கணக்கெல்லாம் தானா வந்துரும்.

அது எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 2.5 ஸ்கொயர் (அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயருக்கு கிலோமீட்டருக்கு சுமார் 7.4 ஓம்ஸ். பேட்டரியில இருந்து பிரிட்ஜுக்கு ரெண்டு மீட்டர் போயி ரெண்டு மீட்டர் திரும்பி வருதுன்னா மொத்தம் 4 மீட்டர், அதாவது 0.03 ஓம்ஸ். பிரிட்ஜ் பிளக்குக்குள்ள பாசிட்டிவும் நெகட்டிவும் ஒட்டிக்கிச்சுன்னு வைங்க, 12-ஐ 0.03-ஆல வகுத்தா 400 ஆம்ப். 12 வோல்ட் இன்ட்டு 400 ஆம்ப், 4800 வாட், ரெண்டு இண்டக்ஷன் அடுப்பை ஃபுல்லுல வச்சா வர்ற சூட்டைவிட ஜாஸ்தி, அது மொத்தமும் அந்த நாலு மீட்டர் ஒயருக்குள்ள, அந்த ஒயர் போறது பிளைவுட் சுவத்துக்கும் தெர்மோகோலுக்கும் நடுவுல. "12 வோல்ட் தானே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காது"ன்னு சொல்றவங்க இதைத்தான் மறந்துடுறாங்க. ஷாக் அடிக்காது, ஆனா தீ புடிக்கும்.

அப்ப சைஸ் எப்படிப் பாக்குறது? கீழ ஒரு கோடு, மேல ஒரு கோடு, நடுவுல பியூஸ். கீழ் கோடு, அந்த ஒயர்ல தொடர்ந்து ஓடுற கரண்ட்டை 1.25-ஆல பெருக்குனா வர்றது. மேல் கோடு, அந்த ஒயர் தாங்குற கரண்ட். ரெண்டுக்கும் நடுவுல கடையில கிடைக்குற சைஸ் எதுவோ அதைப் போடணும், நடுவுல எதுவுமே சிக்கலைன்னா ஒயரைப் பெருசாக்கணும், பியூஸை இல்ல.

வீட்டு ஒயரிங்குக்கு வாங்குற சாதா பிவிசி காப்பர் ஒயருக்கு கேட்டலாக்ல ஏறக்குறைய இப்படிப் போட்டிருப்பாங்க: 1.5 ஸ்கொயருக்கு 16 ஆம்ப், 2.5-க்கு 22, 4-க்கு 29, 6-க்கு 37, 10-க்கு 51, 16-க்கு 68. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா இந்த நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. மே மாசம் நம்ம ஊர்ல வெளியிலயே 40 டிகிரி தாண்டுது, மாட்டுத்தாவணி பக்கம் நிழல் இல்லாத எடத்துல கதவை அடைச்சு நிப்பாட்டுன வண்டியில, கூரைக்கும் உள் சீலிங்குக்கும் நடுவுல 60-க்குக் குறையாது, பிவிசி ஒயரோட லிமிட்டே 70 தான். ஒயர் சூடாக மிச்சம் இருக்குறது வெறும் பத்து டிகிரி. அதனால நான் கேட்டலாக் நம்பர்ல மூணுல ஒரு பங்கைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு போடுவேன். 2.5 ஸ்கொயர்னா 22 இல்ல, 14-15 தான்.

பிரிட்ஜுக்கு இப்ப பாருங்க. ஓடுறது 5 ஆம்ப், 1.25 போட்டா ஆறேகால், ஒயர் தாங்குறது 14. நடுவுல 7.5 இருக்கு, 10 இருக்கு. கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு உதறு உதறி ஜாஸ்தியா இழுக்கும், அதனால 10. பேனுக்கும் லைட்டுக்கும் 1.5 ஸ்கொயர் ஒயரு, ஆளுக்கு 5 ஆம்ப் போதும். தனித்தனியா போடுங்க, எல்லாத்தையும் ஒரே பியூஸ்ல கட்டுனா பேன் ஒயர் ஷார்ட் ஆன அன்னிக்கு லைட்டும் சேந்து போயி இருட்டுல தடவிக்கிட்டு நிக்கணும்.

இதுக்கெல்லாம் கார்ல வர்ற பிளேடு பியூஸே போதும், ஆறு வழி எட்டு வழி பாக்ஸா கிடைக்குது, எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலயும் இருக்கு. கலரைப் பாத்தே சொல்லலாம்: 5 வெளிர் பழுப்பு, 7.5 பிரவுன், 10 செவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஆனா ஒரு விஷயம், 10 ஆம்ப் பியூஸ்னா 10.1 ஆம்ப் போனதும் பட்டுனு போயிரும்னு நெனைக்காதீங்க. 11 ஆம்ப்ல அது மணிக்கணக்கா தாங்கணும்னுதான் ஸ்டாண்டர்டே சொல்லுது, பதிமூணரை ஆம்ப்ல பத்து நிமிஷம் வரைக்கும் எடுத்துக்கலாம், 20 ஆம்ப் போனாக்கூட அஞ்சு செகண்ட் வரை டைம் இருக்கு. மேல் கோட்டுக்கு ஒட்டிப் பியூஸ் போடக்கூடாதுன்னு சொல்றது இதுனாலதான்.

அடுத்தது பேட்டரிப் பக்கம். இங்கதான் ஆம்ப் நம்பரை மட்டும் பாத்தா பத்தாது. எந்தப் பியூஸுக்கும் மூணு நம்பர் உண்டு, எத்தனை ஆம்ப்ல போகும், எத்தனை வோல்ட் வரைக்கும் யூஸ் பண்ணலாம், அப்புறம் ஷார்ட் ஆகும்போது அதிகபட்சம் எத்தனை ஆம்ப்பை அறுக்க முடியும். மூணாவதை யாரும் கேக்குறதே இல்ல. லித்தியம் பாஸ்பேட் பேட்டரியோட உள் ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம்ஸ் தான், டெர்மினல் பக்கத்துலயே ஷார்ட் ஆச்சுன்னா ரெண்டாயிரம் மூவாயிரம் ஆம்ப் சாதாரணமா பாயும். பிளேடு பியூஸ் பொதுவா அறுக்குறது ஆயிரம் ஆம்ப் வரை. அதுக்கு மேல போனா உள்ள இருக்குற தகடு உருகும், ஆனா உருகுன எடத்துல நெருப்புப் பொறி நின்னு எரியும், கரண்ட் நிக்காது, பியூஸ் வெடிக்கும். ஏஎன்எல் பியூஸ் (போல்ட் போட்டு மாட்டுற பெரிய தகடு பியூஸ்) சுமார் 6000 ஆம்ப் வரை அறுக்கும், கிளாஸ்-டி (Class T) 20,000. கிளாஸ்-டி நம்ம ஊர்க் கடையில கேட்டா மேலயும் கீழயும் பாப்பாங்க, ஆன்லைன்லதான் கிடைக்கும். இல்லாட்டி பேக்டரி பேனல் போர்டுல போடுற எச்ஆர்சி பியூஸ், அந்தப் பீங்கான் உடம்புக்குள்ள மணல் ரொப்பி வச்சிருக்கும், உருகும்போது அந்த மணல்தான் பொறியை அமுக்கும், நல்ல சாமான், ஆனா மேல டிசி வோல்ட்டும் அடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஏசி நம்பர் மட்டும் இருந்தா வேணாம்.

"லித்தியத்துக்குள்ளதான் பிஎம்எஸ் இருக்கே, அதுவே கட் பண்ணிரும்"னு தம்பியும் சொன்னான். பிஎம்எஸ்ங்கிறது பேட்டரிக்குள்ளயே இருக்குற காவல் சர்க்யூட், கட் பண்ணும்தான். ஆனா அது டிரான்சிஸ்டர் வச்சு கட் பண்றது, அந்த டிரான்சிஸ்டர் கெட்டா பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் கெடும், அதாவது கதவு தொறந்தபடியே மாட்டிக்கும். பியூஸுக்குப் பதிலா அதை நம்ப முடியாது.

இந்த மெயின் பியூஸை எங்க வைக்கிறதுங்கிறதும் முக்கியம். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள. பியூஸுக்கு அங்கிட்டு இருக்குற ஒயருக்குத்தான் காவல், இங்கிட்டு பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவுல இருக்குற துண்டுக்குக் காவலே கிடையாது. சில வண்டியில பேட்டரி பின்னாடி கட்டிலுக்கு அடியில இருக்கும், பியூஸ் பாக்ஸ் அழகா டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கும், நடுவுல மூணு மீட்டர் ஒயர் பாடித் தகட்டை உரசிக்கிட்டே போகும். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த மூணு மீட்டருக்கு பியூஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்வெர்ட்டர்தான் இருக்குறதுலயே பெரிய தீனிக்காரன். 600 வாட்டை 12-ஆல வகுத்தா 50 ஆம்ப், அது சொந்தமா முழுங்குறதையும் சேத்தா 60. 1.25 போட்டா 75, கடையில கிடைக்குறது 80. இதுக்கு பிவிசி ஒயரோட மல்லுக்கட்டாதீங்க, எச்ஓஎஃப்ஆர் வெல்டிங் கேபிள்னு கேளுங்க, 35 ஸ்கொயர், நல்லா வளையும், தோலும் பிவிசியைவிட ஜாஸ்தி சூடு தாங்கும். மெயின் பியூஸ் 100 ஆம்ப், அதுக்கும் அதே கேபிள்தான், எல்லாம் ஒரே நேரத்துல முழுசா ஓடப் போறதில்ல. இன்னொன்னு, 600 வாட் இன்வெர்ட்டர்ல வீட்டு மிக்ஸியைப் போட்டு சட்னி அரைக்கலாம்னு கனவு காணாதீங்க, 500 வாட் மிக்ஸி ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் கத்திட்டு ஆஃப் ஆகிடும். அம்மி ஒன்னு வச்சுக்குங்க, இல்ல வீட்லயே அரைச்சுக் கொண்டு போங்க.

எம்பிபிடியில இருந்து பேட்டரிக்குப் போற ஒயரு: 30 ஆம்ப் கன்ட்ரோலர், 1.25-க்கு முப்பத்தேழரை, பியூஸ் 40. ஒயரு 10 ஸ்கொயருக்கு 51-ல மூணுல ஒரு பங்கு போனா 34, பத்தாது, 16 ஸ்கொயர் போடணும். கன்ட்ரோலர் டெர்மினல்ல 16 நுழையுமான்னு முன்னாடியே பாத்துக்குங்க, நுழையலைன்னு நாலு இழையை வெட்டி விடுற வேலையெல்லாம் கூடாது. இந்தப் பியூஸையும் பேட்டரி பக்கத்துலதான் வைக்கணும், கன்ட்ரோலர் பக்கத்துல இல்ல. கரண்ட் கன்ட்ரோலர்ல இருந்துதானே வருதுன்னு கேக்கலாம், கன்ட்ரோலரால 30 ஆம்ப்புக்கு மேல தர முடியாது, ஆயிரக்கணக்குல கொட்டுறது பேட்டரி. அதே மாதிரி வண்டியோட டைனமோவுல இருந்து சார்ஜ் பண்ண டிசி-டிசி சார்ஜர் போட்டா, ஒயரோட ரெண்டு முனையிலயும் பேட்டரி, இஞ்சின் பேட்டரி ஒரு பக்கம், பிரிட்ஜு, லைட்டெல்லாம் ஓட்டுற நம்ம லித்தியம் பேட்டரி ஒரு பக்கம். அப்ப ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு பியூஸ்.

பேனல் பக்கம் கதையே வேற. 200 வாட் பேனலுக்குப் பின்னாடி ஸ்டிக்கரைப் பாத்தீங்கன்னா சாதாரணமா ஓடும்போது 10 ஆம்ப், ஷார்ட் பண்ணா பத்தரை ஆம்ப்னு இருக்கும். அதாவது பேனலை நேரா ஷார்ட் பண்ணாலும் கரண்ட் பெருசா ஏறாது, 15 ஆம்ப் பியூஸ் போட்டா அது காலம் பூரா சும்மா உக்காந்திருக்கும். ரெண்டு பேனலை பேரலல்ல போட்டா, ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு தள்ளுறது பத்தரை ஆம்ப் தான், ஒயர் தாங்கும், பியூஸ் தேவையில்ல. மூணு பேனல் பேரலல்னா மத்த ரெண்டும் சேந்து 21 ஆம்ப்பை கெட்டுப்போன பேனலுக்குள்ள தள்ளும், ஸ்டிக்கர்லயே அதிகபட்ச பியூஸ் 15-ன்னோ 20-ன்னோ போட்டிருப்பான், அங்க ஒவ்வொன்னுக்கும் தனிப் பியூஸ் வேணும். தம்பிக்கு ரெண்டு தான், அதனால பியூஸ் வேணாம்னு சொன்னேன், ஆனா கழட்டி மாட்ட ஒரு டிசி எம்சிபி (கரண்ட் ஜாஸ்தியானா தானா விழுற சுவிட்ச்) கண்டிப்பா வேணும். 21-க்கு 1.25, இருபத்தாறு சொச்சம், 32 ஆம்ப் டபுள் போல், அதாவது பிளஸ் மைனஸ் ரெண்டையும் சேத்து வெட்டுறது. கூரை ஒயருக்கு சோலார்னே விக்கிற டிசி கேபிள் 6 ஸ்கொயர், வெயிலைத் தாங்குற தோலு.

எம்சிபின்னதும் ஒரு எச்சரிக்கை. வீட்டு போர்டுல கழட்டிப் போட்ட பழைய எம்சிபி இருக்குன்னு அதை மாட்டாதீங்க. நம்ம வீட்டு கரண்ட் ஏசி, செகண்டுக்கு 100 தடவை ஜீரோவுக்கு வந்துட்டுப் போகும், சுவிட்ச் தொறக்கும்போது பொறி வந்தாலும் அடுத்த ஜீரோவுல அதுவா அணைஞ்சுரும். டிசிக்கு ஜீரோவே கிடையாது, பொறி புடிச்சா புடிச்சபடி நிக்கும், வெல்டிங் மாதிரி உள்ள இருக்குற காண்டாக்டைத் தின்னும். சில ஏசி எம்சிபியோட டேட்டாஷீட்டுலயே ஒரு போலுக்கு 60 வோல்ட் டிசி வரை ஓகேன்னு இருக்கும், அது உண்மைதான், ஆனா எழுத்துல இருந்தா மட்டும்.

ஒரு டிசி எம்சிபியைக் கையில எடுத்து மூஞ்சியைப் பாருங்க. சி32-ன்னு இருந்தா 32 ஆம்ப், சி கர்வ் (எவ்வளவு சட்டுனு டிரிப் ஆகும்ங்கிற ரகம்). வோல்ட்டுக்குப் பக்கத்துல ஒரு நேர் கோடும் அதுக்குக் கீழ புள்ளிக் கோடும் இருந்தா டிசி, அலை மாதிரி வளைஞ்ச கோடு இருந்தா ஏசி. கட்டத்துக்குள்ள 6000-ன்னு இருந்தா அது அறுக்குற ஆம்ப். அப்புறம் மேல கீழ டெர்மினல்கிட்ட பிளஸ் மைனஸ் குறி இருக்கான்னு உத்துப் பாருங்க. இருந்தா உள்ள ஒரு காந்தம் இருக்குன்னு அர்த்தம், அது பொறியை ஒரு பக்கமாத் தள்ளி அணைக்கும். தலைகீழா மாட்டுனா பொறியைத் தப்பான பக்கம் தள்ளும், லோடுல ஆஃப் பண்ணும்போது எம்சிபியே எரியும். பேனலுக்கு இது பரவால்ல, கரண்ட் ஒரே பக்கம்தான் வரும், குறி பாத்து மாட்டிறலாம். பேட்டரி மெயின்ல கரண்ட் பகல்ல உள்ள போகும், ராத்திரி வெளிய வரும், அங்க இந்தக் குறி போட்ட எம்சிபி ஆகாது. எனக்குக் கேட்டா பேட்டரி மெயினுக்கு பியூஸும் ஒரு திருகு சுவிட்ச்சும் தான், எம்சிபி வேண்டாம். கார் ஆடியோவுக்குன்னு நூறு ஆம்ப் போட்டு சல்லிசா விக்கிற பிரேக்கரும் வேண்டாம், எத்தனை ஆம்ப் அறுக்கும்னே அதுல நிறைய பேர் போடுறதில்ல.

எம்சிபியை 30 டிகிரிக்குத்தான் செட் பண்ணியிருப்பாங்க, சூடு ஏற ஏற கம்மி ஆம்ப்லயே டிரிப் ஆகும். சித்திரை வெயில்ல மத்தியானம் மட்டும் விழுதுன்னா அதுதான் காரணம். இதுக்கு "63 போட்டுருங்க, டிரிப்பே ஆகாது"ன்னு கவுண்டர்ல சொல்வாங்க, டிரிப்பே ஆகாம இருக்குறதுக்கு எதுக்கு எம்சிபி? எடத்தை மாத்துங்க, காத்து போற எடமா வைங்க. வீட்டு பியூஸ் கட்டையில ஒயரோட நாலு இழையை உருவிக் கட்டுற பழக்கத்தையும் வண்டிக்குக் கொண்டு வராதீங்க.

வோல்ட்டையும் விட்டுறக் கூடாது. பிளேடு பியூஸ் சாதாரணமா 32 வோல்ட்டுக்கானது. தம்பி ரெண்டு பேனலையும் சீரிஸ்ல போட்டா என்னன்னு யோசிச்சான், ஓப்பன் வோல்டேஜ் (பேனல்ல எதுவும் மாட்டாதப்ப இருக்குற வோல்ட்) 24-ம் 24-ம் 48. அங்க பிளேடு பியூஸ் ஆகாது. அது மட்டுமில்ல, 48-ங்கிறது 25 டிகிரிக்கான நம்பர், குளிர்ல வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். மதுரையில இருக்கும்போது ஒன்னும் தெரியாது, மார்கழியில கொடைக்கானல் ஏறி விடியக்காலை 5 டிகிரியில வெயில் பேனல்ல படும்போது 20 டிகிரி வித்தியாசத்துக்கு 6 சதவீதம், கிட்டத்தட்ட 51 வோல்ட். 50 வோல்ட் லிமிட் இருக்குற சீப்பான கன்ட்ரோலர் அன்னிக்கு அங்கயே போய் சேந்துரும், அதை எந்தப் பியூஸும் தடுக்காது, பியூஸுக்கு வோல்டேஜ் கண்ணுக்கே தெரியாது. பேரலலாவே வைடான்னு சொல்லிட்டேன்.

இன்வெர்ட்டருக்கு அப்புறம் வர்ற 230 வோல்ட் பக்கம் சாதா ஏசி எம்சிபி 6 ஆம்ப்பும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்) ஒன்னும் போடணும், ஆர்சிசிபி ஒழுங்கா வேலை செய்ய இன்வெர்ட்டர்ல நியூட்ரலும் எர்த்தும் எப்படிச் சேத்திருக்குன்னு மேனுவல்ல பாத்து, புரியலைன்னா அதை மட்டும் ஒரு லைசென்ஸ் எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுருங்க. இந்தப் பக்கம் நெஜமாவே ஷாக் அடிக்கும்.

மாட்டும்போது பேட்டரியை கன்ட்ரோலருக்கு மொதல்ல, பேனலை அப்புறம். கழட்டும்போது பேனல் மொதல்ல. பேட்டரி இல்லாம பேனலை மட்டும் குடுத்தா சில கன்ட்ரோலர் கெட்டுப் போகும். எல்லாம் மாட்டினப்புறம் இன்வெர்ட்டர்ல ஒரு நல்ல லோடு, 400-500 வாட், அரை மணி நேரம் ஓட விட்டுட்டு, ஆஃப் பண்ணி, ஒவ்வொரு லக்ஸையும் (ஒயர் முனையில மாட்டுற உலோக வளையம்) பியூஸ் ஹோல்டரையும் சூடா இருக்கான்னு விரல் வச்சுப் பாருங்க. சில சமயம் பியூஸ் நல்லா இருக்கும், ஹோல்டர் பிளாஸ்டிக் மட்டும் ஒரு ஓரம் இளகி காபிக் கலருக்கு வந்திருக்கும், அது ஓவர்லோடு இல்ல, லூஸ் கான்டாக்ட். லக்ஸை கட்டிங் பிளேயரால நசுக்கி விட்டா இப்படித்தான் ஆகும், கிரிம்பிங் டூல் வாடகைக்கோ ஓசிக்கோ வாங்கி அமுக்குங்க, இல்ல பேட்டரிக் கடையில கேபிள் நீளம் சொல்லி லக்ஸ் அடிச்சே வாங்கிக்கலாம். நம்ம ரோட்டுக் குலுக்கல்ல நட்டு இளகும், ஸ்பிரிங் வாஷர் போட்டு, மொதல் நீளப் பயணம் முடிஞ்சதும் ஒருக்கா டைட் பண்ணிக்குங்க. ஒவ்வொரு சைஸ்லயும் ரெண்டு ஸ்பேர் பியூஸை பாக்ஸ் மூடிக்குள்ளயே டேப் போட்டு ஒட்டி வைங்க, எந்தப் பியூஸ் எதுக்குன்னு மார்க்கர்ல தமிழ்லயே எழுதிடுங்க.